நாற்பத்தெட்டு எண்கள்

— கைய எடு தம்பி! அத அமுக்காத!

— ஐயோ, இன்னாங்க இப்டி ஓடி வர்றீங்க? யாரு சிஸ்டர் நீங்க?

— அந்த லேப்டாப்பு எங்குளுது. எம் புருஷனுது. அழிச்சிட்டியா? சொல்லு தம்பி, அழிச்சிட்டியா?

— இல்ல சிஸ்டர், இல்ல. இன்ஸ்டால் பட்டன் மேல கைய வெச்சேன், நீங்க கத்துனீங்க, அப்டியே நின்னுடுச்சு. மொதல்ல ஃபேனுக்கு கீழ உக்காருங்க. இது அன்புராஜ் பிரதர் குடுத்த லேப்டாப்புதானே?

— அவன் என் கொழுந்தன். நான் ஜோதிலட்சுமி, அவனோட அண்ணி. எங்க அவன்? நாலு தபா ஃபோன் போட்டேன், எடுக்கல.

— வாசல்லதான் நடந்துகிட்டே இருக்காரு. காலையிலேந்து உக்காரவே மாட்டேங்கறாரு. பிரதர்! அன்புராஜ் பிரதர்! உங்க அண்ணி வந்திருக்காங்க.

— அண்ணி! இன்னா நீ, எளாவூர்லேந்து இந்த வெய்யில்ல? சாய்ந்தரம் நானே எட்துனு வரேன்னு சொல்ட்டேன்ல?

— அதான் கேக்குறேன் அன்பு. உள்ள இருக்கற போட்டோவ எட்துட்டு அப்பறம் புதுசு போடச் சொல்லுன்னு ரெண்டு தபா சொன்னேனா இல்லியா? ஃபோன எடுக்கல. எனுக்கு மனசு நிக்கல. பஸ்ஸு புட்ச்சி வந்துட்டேன்.

— மறந்துட்டேன் அண்ணி. ஷிப்டு முடிஞ்சி நேரா இங்க வந்தேனா, தூக்கம் கண்ண கட்டிச்சி. பேஜாரா பூட்ச்சி.

— சிஸ்டர், ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் என் மேல பழி வரக்கூடாது. பிரதர் என்கிட்ட சொன்னது இதான். "உள்ள ஒண்ணும் வேணாம் எபி. விண்டோஸ் ரொம்ப ஸ்லோ. புல்லா தொடச்சிட்டு லினக்ஸ் போட்டுக் குடு, கொழந்த படிக்கணும்."

— ஒண்ணும் வேணாம்னு சொன்னியா அன்பு?

— பேச்சுக்கு சொன்னது அண்ணி. இப்ப இன்னா, அழியல இல்ல? உடு.

— உடுவாம் உடு. தம்பி, உன் பேரு இன்னா சொன்ன?

— எபினேசர். எபின்னு கூப்டுங்க, சிப்காட்ல பாதி பேருக்கு அப்டித்தான் தெரியும்.

— எபி, இந்தப் பொட்டியில எம் புருஷன் எட்த போட்டோ இருக்குது. மார்ச்சு மாசம் ரெண்டாந்தேதி, மூணாந்தேதி, இரும்பு மில்லு உள்ளாற வேல செய்யும்போது எட்தது. ஃபோன்ல எடம் இல்லன்னு மூணாந்தேதி ஊட்டுக்கு வந்ததும் ஒயரு போட்டு இதுல ஏத்துனாரு. நாலாந்தேதி காலைல அதே மில்லுல மேலேந்து உழுந்து செத்துட்டாரு. ஃபோனு அவரோட சேந்து நொறுங்கிப் போச்சி. வேற எங்கியும் அந்தப் போட்டோ இல்ல.

— கர்த்தாவே. சாரி சிஸ்டர். எனக்கு யாரும் சொல்லல.

— யாரு சொல்லுவாங்க? மில்லு ஆபீஸு இன்னா சொல்லுது தெரியுமா? பார்த்திபன்னு ஒரு ஆளு அன்னிக்கி கேட்டு வழியா உள்ளயே வரலியாம். அவுரு கான்ட்ராக்டு பாஸு பிப்ரவரியோட முடிஞ்சிட்ச்சாம், மேஸ்திரி முனுசாமி புதுசு வாங்கித் தரல. அதனால செவுரு ஏறி குதிச்சி இரும்பு திருட வந்தாராம். திரும்பி ஏறும்போது உழுந்துட்டாராம். எழுதி கையெழுத்து போட்டுக் குட்த்துகிறாங்க. ஸ்கூல்ல என் பொண்ணப் பாத்து இரும்பு திருடன் பொண்ணுன்றாங்க. எட்டு வயசு அதுக்கு. "எங்க நைனா திருடனாம்மா?"ன்னு சோறு தின்னும்போது கேக்குது. நான் இன்னா சொல்றது எபி?

— அண்ணி, இதெல்லாம் ஏன் கடைல நின்னுகினு...

— வேற எங்க நின்னு சொல்றது? நாளைக்கி திருவள்ளூர்ல விசாரண. போட்டோவ இன்னிக்கி அஞ்சு மணிக்குள்ள அனுப்புன்னு வக்கீலம்மா ஏஞ்சலின் சொல்லிட்டாங்க. எட்து குடு தம்பி. அப்பறம் நீ லினக்ஸு போடு, இன்னாவேணா போடு.

— இப்ப மணி மூணேகால். சிம்பிள் சிஸ்டர். இந்தப் பென்டிரைவ்ல இருக்கற லினக்ஸ்லேந்தே உங்க டிஸ்க தொறந்து, போட்டோவ மட்டும் காப்பி பண்ணிடலாம். அஞ்சு நிமிஷம். ஒன் மினிட்.

— இன்னா எபி, மூஞ்சி மாறுது?

— டிஸ்கு தொறக்கல. பூட்டியிருக்குன்னு சொல்லுது. சரி, பென்டிரைவ எடுத்துட்டு உங்க பழைய விண்டோஸுக்கே போய்டுவோம். ஆமையா போகும், ஆனா போகும்.

— அது இன்னா, புல்லா நீலமா வருது?

— ஒன் மினிட்.

— இன்னா எழுதிகிது? படி.

— ரெக்கவரி கீ கேக்குது சிஸ்டர்.

— அப்டின்னா?

— டிஸ்க விண்டோஸ் தானாவே பூட்டி வெச்சிருக்கு. சாவி போட்டாதான் தொறக்கும்னு சொல்லுது. சாவின்னா நம்பரு. நாப்பத்தெட்டு நம்பரு.

— நாப்பத்தெட்டா? நாங்க எந்தப் பூட்டும் போட்லியே! முந்தாநாளு வரிக்கும் தொறந்துச்சே. அர மணி நேரம் சுத்தும், ஆனா தொறக்கும். நாலு நம்பரு போட்டா உள்ள உடும். நீ இன்னா பண்ண?

— நான் ஒண்ணுமே... ஒரு வேல பண்ணேன். செக்யூர் பூட்-னு ஒண்ண ஆஃப் பண்ணேன்.

— அது இன்னாது?

— உங்களுக்கு மில்லு கேட்டு தெரியும்ல? செக்யூரிட்டி நிப்பாரு, கார்டு காட்டுனாதான் உள்ள விடுவாரு. லேப்டாப்பும் அப்டித்தான். ஆன் ஆகும்போதே, உள்ள வர்ற சிஸ்டம் யாரோடது, லேப்டாப்பு கம்பெனி ஒத்துக்கிட்ட கையெழுத்து அதுல இருக்கான்னு பாக்கும். அதுக்குப் பேருதான் செக்யூர் பூட். நான் கடை வெச்ச புதுசுல லினக்ஸுக்கு அந்தக் கையெழுத்து ஒழுங்கா இருக்காது, வாசல்லயே நிறுத்திடும். அதனால நாங்க மொத வேலையா செக்யூரிட்டிய வீட்டுக்கு அனுப்பிடுவோம். அப்டியே பழகிடுச்சு.

— கார்ட மட்டுந்தான் பாக்குமா? ஆள பாக்காதா?

— கையெழுத்து சரியா இருந்தா போதும் சிஸ்டர்.

— எபி, கத சொன்னது போதும். வேலைய பாரு.

— நீ சும்மா இரு அன்பு. எபி, இப்பவும் லினக்ஸுக்கு கையெழுத்து இல்லியா?

— அதான் சிஸ்டர் என் தப்பு. இப்ப இருக்கு. நான் போட இருந்த லினக்ஸுக்கு சுத்தமா இருக்கு. ஆஃப் பண்ணாமலே போட்டிருக்கலாம். "செக்யூர் பூட் எல்லாம் ஒரு மேட்டரே இல்ல"ன்னு கடைக்கு வர்ற பசங்ககிட்ட தெனம் நானே சொல்லுவேன். பதினோரு வருஷத்துல எத்தனையோ லேப்டாப்புல ஆஃப் பண்ணியிருக்கேன், ஒருத்தரும் திரும்பி வந்து கேட்டதில்ல.

— ஏன் கேக்கல?

— எல்லாரும் அழிக்கத்தான் குடுப்பாங்க சிஸ்டர். உள்ள இருக்கறது வேணும்னு யாரும் இப்டி ஓடி வந்ததில்ல.

— அப்ப அந்த நாப்பத்தெட்டு நம்பரு எங்க இருக்குது?

— உங்க ஹஸ்பண்ட் இத மொதல்ல ஆன் பண்ணப்போ ஒரு ஈமெயில் போட்டிருப்பாரு. அந்த அக்கவுன்டுல தானா போய் சேந்திருக்கும். ஈமெயில் தெரியுமா?

— தெரியும். பாஸ்வேர்டு தெரியாது.

— பரவால்ல, மறந்துட்டேன்னு குடுத்தா ஃபோனுக்கு ஒரு கோடு அனுப்பும். சொல்லுங்க ஈமெயில... ம். நாப்பத்தொண்ணுல முடியற நம்பருக்கு அனுப்பவான்னு கேக்குது. உங்குளுதா?

— அவுருது.

— அந்த சிம்மு?

— நொறுங்கின ஃபோனோட போலீஸ் ஸ்டேஷன்ல கெடக்குது. அதுக்கு ரீசார்ஜு போட்டே மாசக்கணக்கா ஆவுது.

— செத்தவங்க சிம்ம திரும்ப வாங்கலாம், ஆனா சர்டிபிகேட்டு, கையெழுத்து, அலைச்சல். இன்னிக்கு நடக்காது.

— சரி அண்ணி. எபியும் பாவம் எவ்ளோ பாத்துட்டான். அது போச்சி. நாம இன்னா பண்ண முடியும்? வக்கீலம்மாட்ட சொல்லிடு, மிஷினு ரிப்பேரு ஆயிட்ச்சின்னு.

— போச்சா? எவ்ளோ சுளுவா சொல்ற நீ? அது உங்க அண்ணன் அன்பு. உங்கூட ஒரே தட்டுல துன்ன ஆளு. ஊரே திருடன்னு சொல்லுது, நீ போச்சின்ற.

— நான் இன்னா வேணும்னா சொல்றேன்? ஏழு மாசமா அலையுற. ஆபீஸுக்கு போன, கலெக்டரு ஆபீஸுக்கு போன, தூங்கறதில்ல துன்றதில்ல. கண்ணுல பாக்க முடியல அண்ணி. போட்டோ வந்தா மட்டும் அண்ணன் எழுந்து வருமா?

— வரமாட்டாரு. தெரியும். இரு, ஃபோனு அடிக்குது. வக்கீலம்மாதான். ச்சே, இந்த லாரி சத்தத்துல ஒண்ணும் கேக்கல. நான் பின்னாடி சந்துல போய் பேசிட்டு வரேன். ரெண்டு பேரும் எதையும் தொடாதீங்க. எபி, உன்னதான் சொல்றேன்.

— தொடல சிஸ்டர்.

— போய்ட்டாங்களா?

— போய்ட்டாங்க பிரதர். இன்னா, கதவ சாத்தறீங்க?

— எபி, நான் சொல்றத கேளு. அவுங்க வந்ததும் டிஸ்கு செத்துட்ச்சின்னு சொல்லிடு. இனிமே யாராலயும் தொறக்க முடியாதுன்னு சொல்லு. அப்டியே லினக்ஸ போட்டு வுட்டுடு.

— இன்னா பேசறீங்க? அந்தப் பொம்பள அழாத கொறையா உக்காந்திருக்கு.

— அவுங்க நல்லதுக்குத்தான்.

— நல்லதா? காலையில தொடச்சிடு தொடச்சிடுன்னு அவசரப்பட்டீங்க, தூக்கக் கலக்கம் போலன்னு நெனச்சேன். மறக்கல நீங்க. அந்தப் போட்டோவுல இன்னா இருக்கு பிரதர்?

— எங்க அண்ணன் இருக்கான்.

— அது தெரியும். வேற இன்னா இருக்கு?

— என் கார்டு இருக்குது. அவன் கழுத்துல.

— புரியல.

— நான் பர்மனென்டு எபி, கார்டுக்கு நீலக் கயிறு. அவன் கான்ட்ராக்டு, மஞ்சக் கயிறு. மார்ச்சுல என் மாமனாரு ஊட்ல, பள்ளிப்பட்டுல, நெல்லு அறுப்பு. அவரு இடுப்பு முறிஞ்சி படுத்துக்கினாரு, ஆளு இல்ல. லீவு கேட்டேன், குடுக்கல. அண்ணனுக்கு பாஸு முடிஞ்சி ஊட்ல சும்மா உக்காந்துகினு இருந்தான். "என் கார்ட போட்டுனு மூணு நாளு போ அண்ணா"ன்னேன். எங்க மில்லுல இது புதுசு இல்ல. அண்ணனுக்கு தம்பி போவான், மாமனுக்கு மச்சான் போவான். ரெண்டு பேரும் ஒரே ஜாட, ஹெல்மெட்ட போட்டா செக்யூரிட்டி கயிறு கலர மட்டுந்தான் பாப்பான்.

— விரல் வெக்கிற மெஷின் இல்லியா?

— இருந்திச்சி. ரோலிங் மில்லுல வேல செய்றவன் கை ரேக தேஞ்சிடும் எபி. மெஷினு எடுக்காது. ஷிப்டு லேட்டு ஆவுதுன்னு அவுங்களே கழட்டி வெச்சிட்டாங்க.

— சரி, அவரு செத்ததும் நீங்க சொல்லியிருக்கலாமே? உள்ள வந்தவரு எங்க அண்ணன், என் கார்டுல வந்தாருன்னு?

— சொல்லலாம்னுதான் ஓடி வந்தேன். ஆபீஸு ரூமுல உக்கார வெச்சாங்க. "நீ கார்டு குடுத்தது தெரிஞ்சா உன் வேல போவும், போலீஸு கேசு உன் மேலதான் மொதல்ல வரும். அன்னிக்கி ஷிப்டுல நாந்தான் இருந்தேன்னு எழுதிக் குடு"ன்னாங்க. கையெழுத்து போட்டேன். கேட்டுல என் பேரு பதிஞ்சிருக்குது, நான் உள்ள இருந்தேன்னு என் கையெழுத்து இருக்குது. அப்ப எங்க அண்ணன் யாரு? செவுரு ஏறி வந்தவன். நான் போட்ட கையெழுத்துதான் எபி அவன திருடனாக்கிச்சி.

— கூட வேல செஞ்சவங்க?

— பாதி பேரு ஒடிசா பசங்கோ. அடுத்த வாரமே ஊருக்கு ட்ரெயின் ஏத்தி வுட்டாங்க. மீதி பேரு கொயந்த குட்டிக்காரங்கோ. எனுக்கும் ரெண்டு இருக்குது.

— பிரதர், இத என்கிட்ட சொல்லியிருக்கவே வேணாம்.

— யாருகிட்டயாச்சும் சொல்லணும்னு ஏழு மாசமா இருக்குது. அண்ணி மூஞ்சிய பாத்து சொல்ல முடியல. அவுங்க இன்னும் எனுக்கு தட்டு போட்டு சோறு போடறாங்க எபி. அந்தப் போட்டோவ மட்டும் பாத்தாங்க, அன்னிக்கே எங்க உறவு முடிஞ்சது. கால்ல வேணா உழுறேன். தொடச்சிடு.

— முடியாது பிரதர்.

— எபி...

— என் கையால அது பூட்டுச்சு. என் கையால அத தொடைக்கவும் சொல்றீங்க. நாளைக்கு நான் எப்டி ஜெபம் பண்ணுவேன்? நீங்க அங்க போய் நில்லுங்க. நான் யோசிக்கணும். நான் மாத்துனது ஒண்ணே ஒண்ணுதான். செக்யூர் பூட் ஆன்ல இருந்துச்சு, ஆஃப் பண்ணேன். டிஸ்கு பூட்ட அதோட சேத்து கட்டியிருக்கு. கேட்டுல செக்யூரிட்டிய காணோம்னதும் யாரோ உள்ள பூந்துட்டான்னு நெனச்சு பீரோவ பூட்டிக்கிச்சு. அப்ப, செக்யூரிட்டிய பழையபடி அதே எடத்துல நிக்க வெச்சா? ஐயோ, இது ஏன் எனக்கு முன்னாடியே தோணல!

— வேணாம் எபி.

— கைய எடுங்க பிரதர்.

— ஏன் கதவ சாத்தினீங்க? எபி, இன்னா ஆச்சி? வக்கீலம்மா அஞ்சர வரிக்கும் பாப்பேன்னு சொல்லிட்டாங்க.

— ஒரு வழி இருக்கு சிஸ்டர். நடக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நான் மாத்துனத திருப்பி மாத்திப் பாக்கறேன். செக்யூர் பூட் ஆன். பென்டிரைவ கழட்டியாச்சு. பழையபடி டிஸ்குதான் மொதல்ல. சேவ். அவ்ளோதான். ரீஸ்டார்ட் ஆகுது.

— நீலம் வருமா?

— வந்துச்சுன்னா என்னால முடியாது. பேசாம பாருங்க.

— அன்பு, நீ ஏன் இப்டி நடந்துகினே இருக்கற? எனுக்கு தல சுத்துது. நில்லு.

— வேர்க்குது அண்ணி.

— கறுப்பாவே இருக்குதே எபி. செத்துட்ச்சா?

— இல்ல, இது வரும். உங்க லேப்டாப்பு அர மணி நேரம் எடுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? ஐயையோ!

— இன்னா சத்தம் அது?

— கரன்டு போச்சு. பயப்படாதீங்க, யூபிஎஸ்ல இருக்கு. லேப்டாப்புக்கு பேட்டரி சுத்தமா இல்ல, ஒயர மட்டும் யாரும் இடிக்காதீங்க. பிரதர், தள்ளி நில்லுங்க. பிரதர்! அந்த ஒயரு கிட்டேந்து காலெடுங்க.

— நான் ஒண்ணும் பண்ணலியே.

— எடுங்கன்னு சொன்னேன்.

— எவ்ளோ நேரம் தாங்கும் அந்த யூபிஎஸ்ஸு?

— பத்து நிமிஷம். பழசு, ஏழுன்னு வெச்சுக்கங்க. நம்ம அதிர்ஷ்டம், மணி நாலுக்கு சிப்காட் கரன்டு லைன்ல இப்டித்தான் போய்ட்டு வரும்.

— எபி! புள்ளி புள்ளியா சுத்துது பாரு!

— நீலம் வரல. நீலம் வரல சிஸ்டர்! விண்டோஸ் வருது. தேங்க் யூ ஜீசஸ். உங்க நாலு நம்பர போடுங்க.

— தள்ளு. போட்டுட்டேன். அதான், அந்தப் பக்கம் "நைனா போட்டோ"ன்னு இருக்குது பாரு. எம் பொண்ணு இளமதி பேரு வெச்சது. அத தொற.

— சுத்துது. மெதுவா. மொதல்ல என் பென்டிரைவுக்கு அப்டியே காப்பி போடறேன், பாக்கறது அப்புறம். கரன்டு போனாலும் கைல இருக்கும். மொத்தம் பதினாலு. ஓடுது. எட்டு. பத்து. பதினாலு. முடிஞ்சுது சிஸ்டர். உங்க கைல இருக்கு இனிமே.

— காட்டு.

— சிஸ்டர், அப்டியே வக்கீலுக்கு அனுப்பிடலாமே? நேரம் ஆகுது. வீட்ல போய் நிதானமா பாத்துக்கலாம்.

— எம் புருஷன நான் பாக்க கூடாதா? காட்டு எபி.

— அண்ணி, அவன் சொல்றது சரி...

— காட்டுன்னு சொல்றேன்.

— சரி. இந்தாங்க.

— ம். சிரிக்கிறாரு பாரு. மேல கிரேன் ஓடற பாத தெரியுது. அங்கதான் கிரீஸு வெக்க ஏத்துனாங்க. மூணாந்தேதி, கீழ தேதி இருக்குது. மூஞ்சில கரி. இப்டி இரும்பு திருட வர்றவன் ஹெல்மெட்டு போட்டுனு போட்டோ எட்துப்பானா? இது போதும். இத வக்கீலம்மாக்கு அனுப்பு தம்பி. நம்பரு சொல்றேன், எழுதிக்க.

— அனுப்பறேன் சிஸ்டர்.

— அண்ணி. நீ சரியா பாக்கல.

— பாத்தேன்.

— கழுத்த பாரு அண்ணி. நீலக் கயிறு. பெருசு பண்ணா பேரு தெரியும். அது என் கார்டு. நாந்தான் குட்த்தேன். நான் அறுப்புக்கு போனேன், அவன் எனுக்கு பதிலு போனான். அப்பறம் ஆபீஸுல... நாந்தான் ஷிப்டுல இருந்தேன்னு எழுதிக் குட்த்துட்டேன். என் கையெழுத்துதான் அண்ணி அது. உன் கால்ல உழுறேன்.

— எழுந்திரு. கடைக்காரன் பாக்கறான்.

— அடி அண்ணி.

— எனுக்கு தெரியும் அன்பு.

— இன்னா தெரியும்?

— கார்டு உன்னுதுன்னு தெரியும். வக்கீலம்மாக்கும் தெரியும், நாந்தான் சொன்னேன். போட்டோ மட்டும் பத்தாது, அந்தக் கார்டுக்காரன் தானா வாய தொறந்தாதான் கேசு நிக்கும்னாங்க. ஏழு மாசமா உன் தட்டுல சோறு போட்டுகினே உன் வாயப் பாத்துகினு இருந்தேன். இந்தப் பொட்டிய உன் கைல குட்த்ததும் அதுக்குத்தான்.

— சொன்னா என் வேல போயிடும் அண்ணி.

— போவும்.

— ஜெயிலு கூட...

— இருக்கலாம். பொய் சொல்லி உன்ன இட்டுனு போவ மாட்டேன். நாளைக்கி காலைல ஆறரைக்கு பஸ்ஸு. வந்தா வா.

— வரேன். வரேன் அண்ணி. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. இவ்ளோ நாளு தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த கேக்கல? எங்க அண்ணன சாவ வுட்டு, திருடன்னும் எழுதிக் குட்த்தவன் நானு. செருப்பால அடிச்சிருக்கலாமே, ஏன் அடிக்கல?

— அன்னிக்கி காலைல அவுரு போமாட்டேன்னு திரும்பி படுத்துக்கினாரு அன்பு. "ரெண்டு நாளு போனது போதும், எவனாச்சும் கண்டுபுட்ச்சா தம்பி வேல போயிடும்"னாரு. எழுப்பி உக்கார வெச்சி, அந்தக் கார்ட அவுரு கழுத்துல மாட்டி, "இன்னும் ஒரே நாளுதானே, போய்ட்டு வா"ன்னு அனுப்புனவ நானு.